நன்னூற் பொதுப்பாயிரமும் கற்போர் கற்பிப்போர் நலனும்

தமிழ் முதுகலை வகுப்பிற் புகும் மாணவர் முதற்கண் கேட்கும் இலக்கணப் பகுதிகளுள் நன்னூற் பொதுப்பாயிரம் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல் என்பதும், அதன் முகப்பில் நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லுதல், மாணாக்கன், பாடங் கேட்டல் என்னும் ஐந்தும் முறையே கூறப்படும் என்பதும் யாவரும் அறிந்தவை. இக்கருத்துக்கள் பவணந்தியார் ஒருவர்க்கே உரியன அல்ல. இறையனார் களவியல் உரையின் தொடக்கத்திலும் தொல்காப்பிய உரையாசிரியர்தம் பாயிர விளக்கங்களிலும் இம்மரபு காணப்படுகின்றது. ஆதலின், பொதுப்பாயிரத்தை ஒரு புலவரின் தனிக்கருத்தாக அன்றித் தமிழ்க் கல்விமரபு தன்னைப்பற்றித் தானே வகுத்துரைத்த கூற்றாகக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பகுதியைப் பாராட்டுவோர் பலர். பண்டைத் தமிழர் கல்விக்கு உரிய உளநூலை அறிந்திருந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். அப்பாராட்டு தகுந்ததே, ஆயினும் ஆராய்ச்சி அவ்வளவில் நிற்றல் ஆகாது. கற்போன், கற்பிப்போன் ஆகிய இருவரின் கடமைகளையும் இயல்புகளையும் விரித்துரைக்கும் இம்மரபு, அவர்தம் உடல்நலம் உளநலம் பற்றி யாது கூறுகின்றது என்னும் வினா இதுகாறும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இன்று அவ்வினா ஒதுக்கற்பாலது அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உளநல மருத்துவத்தை ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை ஆக்கியது. உயர்கல்வி நிலையங்களில் மாணவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமையைக் கருதி, 2025ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. நாட்டின் தலைமை நீதிமன்றம் ஆராயத் தலைப்பட்ட ஒன்றைத் தமிழ்த்துறைகள் தம் முதற்பாடத்தில் வைத்து ஆராய்தல் கடமையாம்.

1. கற்பிக்கத் தகாதோர் பட்டியல்

பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாக்கி உவமைகளால் விளக்குகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கும் கடைமாணாக்கர்க்கும் உவமையாகும். அதன்பின் பாடஞ் சொல்லத் தகாதோர் இன்னார் எனத் தனியே ஒரு பட்டியல் தரப்படுகின்றது. நம் ஆராய்ச்சிக்குத் தலையாய பகுதி இதுவே.

அப்பட்டியலைக் கூர்ந்து நோக்கின், இருவேறு இனத்தார் ஓரணியில் நிறுத்தப்பட்டிருத்தல் புலனாகும். கட்குடியன், கள்வன், செருக்கன், வஞ்சகன், தீவினையாளன் ஆகியோர் ஓரினம். இவர்பால் உள்ளது ஒழுக்கக் குற்றம். நோயாளி, உறக்கம் மிக்கவன், அறிவு மந்தமாயினவன், தொன்னூல்களைக் கண்டு அஞ்சி உள்ளம் தடுமாறுபவன் ஆகியோர் மற்றோரினம். இவர்பால் உள்ளது குற்றம் அன்று, துன்பம். முன்னவன் தான் செய்ததற்காக விலக்கப்படுகின்றான். பின்னவன் தனக்கு நேர்ந்ததற்காக விலக்கப்படுகின்றான். உரையாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறிச் சென்றனரேயன்றி இவ்வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினாரல்லர்.

இவ்வேறுபாடு இன்றைய வகுப்பறையில் மிக இன்றியமையாதது. முதுகலை மாணவருட் பலர் தம் குடியில் முதன்முதற் கல்லூரி கண்டவர். செங்கற்பட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் விடியற்காலையிற் புறப்பட்டுத் தொடர்வண்டியில் நின்றுகொண்டே வருபவர். மாலையிலும் இரவிலும் கடைகளில் வேலை பார்ப்பவர். அத்தகையோர் நடுவே இப்பட்டியலை ஆசிரியர் விளக்கமின்றிப் படித்துச் செல்வராயின், உறக்கம் மிக்கவன் என்ற சொல்லைக் கேட்கும் ஒருவன் அது தன்னைக் குறித்தது என்றே கொள்வான். தொன்னூற்கு அஞ்சுபவன் என்ற சொல்லும் சங்கப் பாடலின் அடிகளைப் பிரிக்க இயலாது தவிக்கும் மாணவியின் உள்ளத்தில் அவ்வாறே தைக்கும். கற்பிக்கத் தகாதோர் தாமே என்னும் எண்ணத்தை நாமே, நம் இலக்கணத்தின் பெயரால், அவர் நெஞ்சில் ஊன்றியவராவோம்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். பண்டை ஆசிரியன் தன் இல்லத்திற் சிலரை வைத்துக் கற்பித்தவன்; யாரை ஏற்பது யாரை விடுப்பது என்பது அவன் உரிமை; அவ்வுரிமையை நெறிப்படுத்தவே பட்டியல் எழுந்தது; இக்காலத்துக் கண்கொண்டு அதனைக் குறைகூறல் முறையன்று என்பர். இத்தடை வலிமை உடையதே. ஆயின், அதுவே நம் கருத்துக்கும் துணையாகின்றது. தனியாசிரியன் ஒருவனின் தேர்வுரிமைக்கு எழுந்த விதி, சேர்க்கை முடிந்து வகுப்பில் அமர்ந்துவிட்ட மாணவரை அளக்கும் கோல் ஆகாது. இவர்களை விலக்கும் உரிமை இன்று எவ்வாசிரியர்க்கும் இல்லை.

மேலும், பாடஞ் சொல்லும் முறையை வகுக்குமிடத்து, கொள்வோன் எவ்வாற்றாற் கொள்வான் என்பதை அறிந்து அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும் என்று அதே பாயிரம் விதிக்கின்றது. கொள்ளும் வகையை அறிதல், அவனை ஏற்றுக்கொண்டபின் அல்லது கூடுமோ? ஆகவே, இரண்டாம் இனத்தாரைப் பற்றிய சொற்களை விலக்குச் சொற்களாக அன்றி அறிகுறிச் சொற்களாகக் கொள்ளுதலே நூலின் பிறபகுதியோடு இயைவதாம். உறக்கம், மந்தம், அச்சம், தடுமாற்றம் என்பன யாரை வெளியேற்ற வேண்டும் என்பதை அல்ல, யாரை அணுகி வினவ வேண்டும் என்பதை ஆசிரியர்க்கு உணர்த்தும்.

2. அச்சத்தின் தோற்றுவாய்

ஆசிரியனைப் பற்றிய பகுதியிலும் ஒப்புநோக்கத்தக்க செய்தி உண்டு. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன உவமையாயின. ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்காய் பெய்த குடமும், ஏற ஒண்ணாத மடற்பனையும், பஞ்சு அடைத்த குண்டிகையும், அயலார் மனையிற் காய் உதிர்க்கும் வளைந்த தெங்கும் உவமையாயின. இவற்றை விரிப்போர், உவமைகளுக்கு முன் நிற்கும் குணங்களை விரைந்து கடந்து செல்வர். அக்குணங்களுள் ஒன்று, கேட்போர்க்கு அச்சம் உண்டாகப் பேசுதல். பொறாமை, பேராசை, வஞ்சனை என்பவற்றோடு அது சேர்த்து எண்ணப்படுகின்றது. அச்சுறுத்திப் பேசுவோன் ஆசிரியன் ஆகான் என்பது பொதுப்பாயிரத்தின் துணிபு.

இதனை முன்னர்க் கண்ட பட்டியலோடு சேர்த்து நோக்குக. ஓரிடத்தில் அச்சத்தை உண்டாக்கும் ஆசிரியன் விலக்கப்படுகின்றான். மற்றோரிடத்தில் அச்சத்தால் தடுமாறும் மாணவன் விலக்கப்படுகின்றான். இரண்டும் வெவ்வேறு தலைப்பின்கீழ் வருதலின் தொடர்பற்றன போலத் தோன்றும். உண்மையில் ஒன்று காரணம், மற்றொன்று காரியம். ஆய்வேட்டு மாணவன் நெறியாளரைக் காண அஞ்சி ஆறு திங்கள் ஒளிந்து திரிவானாயின், அவன் தொன்னூற்கு அஞ்சினனோ, தொன்னூலைக் கையில் வைத்திருப்பவர்க்கு அஞ்சினனோ என்று ஆராய வேண்டும். மாணவனைக் குறித்த விதியை மட்டும் எடுத்தோதி, ஆசிரியனைக் குறித்த விதியை மறைத்தல் நடுவுநிலை ஆகாது.

தலைமாணாக்கர்க்குக் கூறிய ஆ என்னும் உவமையும் ஈண்டுக் கருதற்குரியது. புல் மிக்க இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் ஓய்ந்திருந்து அசைபோடுதல் ஆவின் இயல்பு என உரைகாரர் விளக்குவர். மேய்தற்கு ஓரிடமும் காலமும், அசைபோடுதற்கு வேறோர் இடமும் காலமும் வேண்டும் என்பது இதன் உட்கிடை. ஆடோ தழை நிறைந்திருப்பினும் செடிதோறும் சிறிது சிறிது கடித்துச் செல்லும். பருவத்துக்கு ஐந்தாறு தாள், தாளுக்கு ஐந்து அலகு, இடையிடையே தேர்வு, கருத்தரங்கு, சான்றிதழ் என வகுத்துவிட்டு, மாணவர் நுனிப்புல் மேய்கின்றனர் என்று நாம் வருந்துகின்றோம். ஆவாதற்கு உரிய ஓய்வை மறுத்துவிட்டு ஆடாயினமைக்கு மாணவரைக் குறைகூறுதல் பொருந்துமா? பாயிரம் இயல்பாகக் கொண்ட வேறுபாடுகளுட் சில, சூழலால் விளைவன என்பது தெளிவு.

3. ஆசிரியன் நலன்: மரபின் மௌனம்

மாணவன் துன்பத்தைப் பாயிரம் தவறான இடத்தில் வைத்ததேனும் சுட்டியாவது சென்றது. ஆசிரியன் துன்பத்தையோ அது சுட்டவே இல்லை. விரைவும் வெகுளியும் இன்றி விருப்பத்தோடு முகமலர்ந்து கற்பிக்க வேண்டும் என்கின்றது. அம்மலர்ச்சி அவனுக்கு எங்கிருந்து வரும் என்று கூறவில்லை. பாடங் கேட்டற்கு உரியோருள் மிகுபொருள் கொடுப்போனும் ஒருவனாக எண்ணப்படுதல் ஒன்றே அவன் வாழ்க்கைத் தேவையைப் பற்றிய குறிப்பு. புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரால் அமைந்த பாட்டு, ஆசிரியற்கு இடர் நேர்ந்தவிடத்து உதவிக் கற்றலை வற்புறுத்துகின்றது. ஆகவே, ஆசிரியன் நலனைக் காக்கும் பொறுப்பு மாணவன்மேல் வைக்கப்பட்டது எனலாம்.

அம்முறை எவ்வாறு நடந்தது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சான்றாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவர்க்கு உணவளித்துக் கற்பித்தவர், புலமையில் இணையற்றவர், ஆயினும் கடன் அவரை விட்டகலவில்லை. 1876ஆம் ஆண்டு அவர் மறையும்வரை உடனிருந்த சாமிநாதையர், ஆசிரியரின் வறுமையையும் நோயையும் அருகிருந்து கண்டார், கண்டதை எழுதினார். உடன் உறைந்தமையால் ஆசிரியன் துயர் மாணவற்குத் தெரிந்தது. ஆனால், தெரிந்த அளவிற் தீர்ந்ததா எனின், இல்லை. ஆதரித்த ஆதீனமும் அன்புடைய மாணவரும் இருந்தும் தீராத துயர், தனிமனிதரின் நன்றியுணர்வால் மட்டும் தீரக்கூடியது அன்று.

திண்ணைக் கல்வி மறைந்து கல்லூரிக் கல்வி வந்தபின்னும் இக்குறை நீங்கியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியர் இருவர் வரலாறு இதற்குப் போதும். பரிதிமாற்கலைஞர் அக்கல்லூரியிலேயே பயின்று, அதிலேயே தமிழாசிரியரானவர். கல்லூரிப் பணியோடு நாடகம், செய்யுள், உரைநடை எனப் பலதுறை நூல்கள் யாத்தார். ‘ஞானபோதினி’ இதழுக்கு உழைத்தார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்க முயன்றபோது பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். இல்லத்திலும் மாணவர்க்குத் தமிழ் கற்பித்தார். 1903ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், முப்பத்துமூன்றாம் அகவையில், காசநோயால் மறைந்தார். காசநோய்க்கு உழைப்பு ஒன்றே காரணம் என்னலாகாது. அக்காலத்தில் அதற்கு உரிய மருந்தும் இல்லை. ஆயினும், அவர்தம் வாழ்வை எழுதுவோர் ஓயா உழைப்பைப் புகழ்ந்துரைப்பதோடு அமைந்து, அவ்வுழைப்பைத் தாங்கிய உடல் யாரால் எவ்வாறு பேணப்பட்டது என்று கேளாதொழிதல் நம் மரபின் மௌனத்தையே காட்டுகின்றது.

மற்றவர் மறைமலையடிகள். 1898ஆம் ஆண்டு அக்கல்லூரியிற் பணியேற்று, பரிதிமாற்கலைஞரோடு உடன் பணியாற்றியவர். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆகியவற்றிற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரைகள், சொல்லுரையே போதும் என்றிருந்த வகுப்பறையில் திறனாய்வுக்கு இடம் வகுத்தன. 1911ஆம் ஆண்டு அவர் பணியிலிருந்து விலகினார். பாடத்திட்டத்தில் தமிழின் இடம் சுருங்கியமை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும். அவ்வாண்டே துறவுக்கோலம் பூண்டு சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் வாழலானார். அங்கு நூல்நிலையம் அமைத்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் அங்கிருந்தே தொடங்கியது. நம் பொருளுக்கு இன்றியமையாத மற்றொன்றும் உண்டு: உணவு, உறக்கம், உடல் உள நலம் பற்றி அடிகள் தொடர்ந்து எழுதினார். ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்பது 1933இல் வெளிவந்த நூல். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இலக்கிய ஆராய்ச்சிக்கு நிகராக உடல்நலத்தைப் பற்றி எழுதியதை அவர்தம் பன்முகப் புலமைக்குச் சான்றாக மட்டும் கொள்வது வழக்கம். முப்பத்துமூன்று அகவையில் தம் உடனாசிரியர் மறைந்ததைக் கண்ட ஒருவர், பாயிரம் விட்ட இடத்தை நிரப்பிய முயற்சியாகவும் அதனைக் கொள்ளலாம். இது நம் கருத்து. அடிகள் அவ்வாறு வெளிப்படக் கூறினார் என்பது அன்று.

4. கால்கூறும் தாம்பரமும்

அடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்த காலத்திலேயே, அவர் விட்டுவந்த கல்லூரியும் தெற்குநோக்கி வந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத்தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர் நிலப்பரப்பிற் குடிபுகுந்தது. வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்னசு அவ்வளாகத்தில் மரம் வளர்த்த வரலாறு இன்றும் நினைக்கப்படுகின்றது. காசநோய்க்காக டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்திற் தொடங்கிய மருத்துவமனை அரசின் கைக்கு வந்ததும் அதே 1937ஆம் ஆண்டுதான். பரிதிமாற்கலைஞரைக் கொண்ட நோய்க்கு மருத்துவமனையும், அவர் பணியாற்றிய கல்லூரியும், நல்ல காற்றை நாடி ஓரூரை அடைந்தன. இடமும் காற்றும் உடலையும் உள்ளத்தையும் பேணும் என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொது.

அக்கல்லூரியின் உறைவிட அமைப்பு நன்னூலோடு ஒப்பிடத்தக்கது. புனித தோமையார், சேலையூர், பிசப்பு ஈபர் என்னும் பெயர்களையுடைய மூன்று மன்றங்கள் மாணவர் உறைவிடமாயின. ஆசிரியர் சிலரும் வளாகத்திலேயே வாழ்ந்தனர். பொதுப்பாயிரம் கற்கும் அளவைக் கூறுபடுத்திக் காட்டுகின்றது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையிற் காற்கூறே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு வரும் என்பது அதன் கணக்கு. உடன் பயில்வார் கூட்டுறவு ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று, கல்வியின் உறுப்பு என்பது இதனாற் பெறப்படும். தனிமை இன்று மாணவரைப் பிணிக்கும் பெருந்துன்பங்களுள் ஒன்று. அதற்கு மருந்தாக நாம் புதிதாகத் தேடும் கூட்டுறவு, நன்னூலின்படி புலமைக்கே உரிய பங்காகும். நலன் என்பது கல்விக்கு வெளியே நின்று பின்னர்ச் சேர்க்கப்படும் ஒன்றன்று. கல்வியின் இலக்கணத்துள்ளேயே அமைந்தது.

ஆயினும், உறைவிடம் ஒன்றே முற்றும் நலம் தரும் என்று துணிதலும் ஆகாது. உறைவிடக் கல்வி நிலையங்களிலும் துயர நிகழ்ச்சிகள் நேர்ந்துள்ளன. ஓரிடத்தில் உறைதல் வேறு, ஒருவர் உளத்தை ஒருவர் அறிதல் வேறு. மேலும், தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளிற் பயில்வோருட் பலர்க்கு உறைவிடம் வாய்ப்பதில்லை. பல்லாவரமும் சேலையூரும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி என ஓருள்ளாட்சியின்கீழ் அமைந்துவிட்டன. காடாக இருந்த இடம் நகராயிற்று. வகுப்பு முடிந்தவுடன் வண்டியைப் பிடிக்க ஓடும் மாணவர்க்கு நன்னூல் கூறும் இரண்டாம் காற்கூறு எங்கே கிடைக்கும்? ஆசிரியரே பேசி ஆசிரியரே முடிக்கும் வகுப்பில் அரைக்கூறு எங்கே கிடைக்கும்? நாம் கொடுப்பது காற்கூறு. தேர்வில் எதிர்பார்ப்பது முழுக்கூறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முக்காற்கூற்றின் சுமையே மாணவர் உள்ளத்தை அழுத்துகின்றது.

ஆசிரியர் நிலையும் இதனின் வேறன்று. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு வருகைதரு விரிவுரையாளர்க்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாயும் திங்களுக்கு 50,000 ரூபாய் மேல்வரம்பும் வகுத்தது. தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளிற் கௌரவ விரிவுரையாளர் நெடுங்காலம் அதனிற் குறைந்த தொகையே பெற்றுவந்துள்ளனர். அடுத்த ஆண்டு பணி உண்டோ இல்லையோ என அஞ்சுவோரை நோக்கி, மலர்போல முகமலர்ந்து கற்பிக்க என்று சூத்திரம் ஓதுதல் எளிது. அச்சம் உடையவர் அச்சம் தவிர்த்துப் பேசுதல் அரிது. ஆசிரியன் அச்சம் மாணவன் அச்சமாக மாறும் வழியை அடைக்காது மாணவர்க்கு மட்டும் அறிவுரை மையங்கள் அமைப்பது, ஊற்றை விட்டு வாய்க்காலைத் தூர்வாருவது போலும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பொதுப்பாயிரத்தின் தகாதோர் பட்டியல் குற்றத்தையும் துன்பத்தையும் ஒன்றாக்கிக் கூறுகின்றது. இவற்றைப் பிரித்தே கற்பித்தல் வேண்டும். அச்சுறுத்தும் ஆசிரியனை விலக்கும் விதியையும் அஞ்சும் மாணவனை விலக்கும் விதியையும் ஒருங்கு வைத்தே பொருள் காணல் வேண்டும். உடன்பயில்வார் கூட்டுறவையும் விரித்துரைத்தலையும் புலமையின் முக்காற்கூறாகக் கொண்ட விதியே இன்றைக்கு மிகவும் பயன்படுவது. பாட நேரத்தை வகுப்போர் அதனைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும். ஆசிரியன் நலனைப் பற்றி மரபு பேசாத இடத்தை, மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதல் மறைமலையடிகள் வரை ஆசிரியர் வாழ்க்கை வரலாறுகளைக் கொண்டு நிரப்பல் வேண்டும். ஆசிரியர் வரலாறுகளைப் புலமைக்காக மட்டுமன்றி, அவர்தம் ஊதியம், நோய், ஓய்வு, நட்பு ஆகியவற்றை அறிதற்கும் ஆராய்தல் முதுகலை ஆய்வுக்குத் தக்க பொருளாகும்.

மரபைப் போற்றுவோர் இத்திறனாய்வை மரபுக்கு மாறானதாகக் கருத வேண்டுவதில்லை. வினாவுதலும் வினாவியதற்கு விடையளித்தலும் அறியாமையை நீக்கும் கடமைகள் என்று பொதுப்பாயிரமே கூறுகின்றது. வரும் கல்வியாண்டிற் பாயிரத்தைப் பாடமாகத் தொடங்கும் ஆசிரியர், தகாதோர் பட்டியலை அடையும்போது சற்றே நின்று, தம் முன் அமர்ந்திருப்பவருள் உறங்கி வழிபவன் நேற்றிரவு எங்கிருந்தான் என்று வினவுவாராயின், அவ்வினா அச்சூத்திரத்துக்கு எழுதப்படாதிருந்த உரையாகும்.